பி.ஐ.கே.3.சி.ஏ. திடீர்மாற்றம்: நல்லெண்ணெயை நிறுத்த வேண்டுமா?

மன்னார்குடி மகன்:
எங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் மீண்டும் வந்திருக்கிறது. புதிய திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘பி.ஐ.கே.3.சி.ஏ. திடீர்மாற்றம் உள்ளது’ என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு நொதி கொழுப்புச் சமிக்ஞையை உண்டாக்கிக் கட்டியை வளர்க்கிறது என்று மருத்துவர் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். கொழுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியம்மா நல்லெண்ணெய்த் தூக்கைப் பரணில் ஏற்றிவிட்டார். அம்மா இட்லிப் பொடியை மோரில் குழைத்துச் சாப்பிடுகிறார். இது சரிதானா?

தஞ்சை ஆசிரியர் (உயிர்வேதியியல், ஓய்வு):
தம்பி, தூக்கை இறக்கச் சொல்லுங்கள். அறிக்கை சொல்வது சமையல் எண்ணெயை அல்ல. செல்லின் சவ்வே கொழுப்புப் பொருள்களால் ஆனது. அதன் உட்புறத்தில் பிப்2 என்ற கொழுப்புப் பொருள் சிறிதளவு எப்போதும் இருக்கும். இன்சுலின் போன்ற ஒன்று வெளியே ஏற்பியில் வந்து சேர்ந்ததும், பி.ஐ.3 கைனேஸ் என்னும் நொதி பிப்2-இன் இனோசிட்டால் வளையத்தில் மூன்றாம் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்ட, அது பிப்3 ஆகிவிடுகிறது. ஏ.கே.டி. என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு சவ்வருகே வந்து முடுக்கம் பெறுகிறது. செல் பெருகத் தொடங்குகிறது, சாக வேண்டிய நேரத்திலும் சாகாமல் நிற்கிறது. ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றுவது பி-டென் என்ற மற்றொரு நொதி; 1997-இல் அடையாளம் காணப்பட்ட அதைப் பல புற்றுநோய்கள் இழந்துவிடுகின்றன. நீங்கள் சொல்லும் பி.ஐ.கே.3.சி.ஏ. என்பது பாஸ்பேட்டை ஒட்டும் பி.ஐ.3 கைனேஸுக்கான மரபணு; அதில் மாற்றம் வந்தால் அந்த நொதியே அழைப்பில்லாமல் ஓடுகிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 என்ற புரதம் மிகாத மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் இது உண்டு. பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே தோன்றுவது. பரம்பரை என்று அஞ்ச வேண்டாம்.

கடைமடைவாசி, வேதாரண்யம்:
முறை வராமலே மடை திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா ஐயா?

தஞ்சை ஆசிரியர்:
பாதி பொருந்தும். மடைத் தண்ணீரைப் பயிர் குடிக்கிறது. பிப்3-ஐச் செல் தின்பதில்லை. தண்ணீர் திறந்தாயிற்று என்று ஊருக்குள் போடும் தண்டோராதான் அது. தண்ணீரே வராத நாளிலும் தண்டோரா ஓயாமல் ஒலித்தால், நாற்று விடாதவர் யார்?

கும்பகோணம் மருந்தாளுநர்:
இந்த நொதியைத் தடுக்கும் அல்பெலிசிப் என்ற மாத்திரைக்கு, ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியோடு சேர்த்துத் தர, அமெரிக்காவில் 2019-இல் ஒப்புதல் கிடைத்தது. ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகும் நோய் முற்றியவர்களுக்கானது அது. ஆனால் இன்சுலினும் இதே நொதியின் வழியாகத்தான் பேசுகிறது. ஆகவே கட்டியில் சமிக்ஞையை அடக்கும்போது ஈரலிலும் தசையிலும் அது அடங்கி, இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?

மன்னார்குடி மகன்:
ஆறு ஆண்டுகளாக உண்டு, ஐயா, மெட்பார்மின் எடுத்துக்கொள்கிறார். மருத்துவரிடம் இதைச் சொன்னதாக நினைவில்லை.

கும்பகோணம் மருந்தாளுநர்:
அப்படியென்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி இரண்டையும் பார்த்து, அந்த அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.