ஹோம் ரேஞ்ச்: 'புழங்குபரப்பு' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

பனிச்சிறுத்தை ஆய்வில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவின் உரையாடலில் என் பங்கு இது.

பனிச்சிறுத்தைக்கு மாட்டும் பட்டைக்கு 'இடங்காட்டிக் கழுத்துப்பட்டை' என்று முடிவானதில் எனக்கும் சம்மதம். அரிக்கொம்பன் யானையைக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்ட சமயம் நாளிதழ்களில் 'ரேடியோ காலர்' என்றே படித்தோம். அதுவும் கூடவே இருக்கட்டும். அந்தப் பட்டை எதைக் கண்டறியப் பயன்படுகிறதோ, அந்த 'ஹோம் ரேஞ்ச்', அதாவது ஒரு விலங்கு வழக்கமாக நடமாடும் பகுதி, அதற்கான சொல்தான் இன்னும் தீராமல் நிற்கிறது.

அதற்கு 'வாழிட எல்லை' வேண்டாம் என்பது என் கருத்து. எல்லை என்றால் கோடு. நமக்கு வேண்டியது பரப்பு. வாழிடம் என்பதை ஹேபிடாட்டுக்குக் கொடுத்துவிட்டோம். பனிச்சிறுத்தையின் வாழிடம் 12 நாடுகளில் பரந்து கிடக்கிறது. ஹோம் ரேஞ்ச் ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனி.

நண்பர் சொன்ன 'உலவுபரப்பு' கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 1943இல் விலங்கியலாளர் பர்ட் கொடுத்த வரையறையைப் பாருங்கள்: இரை தேட, இணை சேர, குட்டி வளர்க்க ஒரு விலங்கு வழக்கமாக நடமாடும் பகுதி. எப்போதாவது வெளியே போய்வருவது கணக்கில் சேராது. உலவுதல் என்றால் அதுவும் சேர்ந்துவிடுமே!

மங்கோலியாவின் தெற்கு கோபியில் உள்ள தோஸ்த் மலைகளில் 2008 முதல் நடக்கும் பனிச்சிறுத்தை ஆய்வை எடுத்துக்கொள்வோம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பட்டை ஓர் இடப்புள்ளியைப் பதிவுசெய்து, செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் அங்கே இரை விழுந்திருக்கலாம். சிறுத்தை நகர்ந்த பிறகு ஆய்வாளர்கள் ஏறிப்போய்த் தேடினால் மலையாட்டின் கொம்பும் மயிரும் எலும்பும் கிடைக்கும். அது சிறுத்தை புழங்கிய இடம். தாயைப் பிரிந்த இளம் சிறுத்தை புல்வெளியைக் கடந்து வேறு மலைக்குப் போனால், அந்த வழி வரைபடத்தில் தனி வரிசையாகத் தெரியும். அங்கே அது புழங்கவில்லை, கடந்துதான் போனது.

அதனால்தான் 'புழங்குபரப்பு' என்று முன்வைக்கிறேன். 'ஆள் புழங்காத வீடு', 'புழங்குற பாத்திரம்' என்று வீட்டில் சொல்கிறோமே, அதே புழக்கம். அடிக்கடி வந்துபோவது, பயன்படுத்துவது இரண்டும் அதில் இருக்கின்றன. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். "1980களில் நேபாளத்தின் லாங்கு பள்ளத்தாக்கில் ராட்னி ஜாக்சன் ரேடியோ பட்டை மாட்டி ஆராய்ந்த பனிச்சிறுத்தைகளின் புழங்குபரப்பு 12 முதல் 39 சதுர கி.மீ. என்று கணக்கிடப்பட்டது. தோஸ்த் ஆய்வு 2016இல் வெளியிட்ட சராசரிப் புழங்குபரப்பு ஆணுக்கு 207, பெண்ணுக்கு 124 சதுர கி.மீ." இடறாமல் படிக்க முடிகிறது. இந்த வித்தியாசத்துக்கு நிலமும் ஒரு காரணம்தான். ஆனால் பட்டையின் ரேடியோ அலையைப் பிடிக்கும் அன்றைய அலைவாங்கியோடு மலைமலையாக ஏறி அலைந்தாலும், சிறுத்தை அடுத்த முகட்டைத் தாண்டியதும் சிக்னல் போய்விடும்; அதனால் பரப்பும் குறைவாகக் கணக்காகியிருக்கலாம். இது வெறும் கணக்குச் சமாச்சாரம் அல்ல. பனிச்சிறுத்தை வாழும் பகுதிகளில் உள்ள காப்பகங்களில் 40 சதவீதம், ஒரே ஓர் ஆண் சிறுத்தையின் புழங்குபரப்பைவிடச் சிறியவை என்று அதே தோஸ்த் ஆய்வு சொல்கிறது. இந்த வரியைத் தமிழில் படிப்பவர் ஒரே வாசிப்பில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

அப்புறம் டெரிட்டரி. மற்ற சிறுத்தைகளை அண்டவிடாமல் காப்பது அது. 'காவல்பரப்பு' என்றால் புழங்குபரப்புக்கு இணையாக நிற்கும். தோஸ்தில் ஆணுக்கும் ஆணுக்கும், பெண்ணுக்கும் பெண்ணுக்கும் புழங்குபரப்பு குறைவாகவே ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது; ஆகவே இவை காவல்பரப்பு கொண்ட விலங்குகள் என்கிறார்கள். இரண்டுக்கும் 'எல்லை' என்றே போட்டால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

சேர்த்து எழுதுவதா, பிரித்தா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வினைத்தொகை என்பதால் சேர்த்திருக்கிறேன். காட்டில் வேலை பார்க்கிறவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். களத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள், என்னுடையதை விட்டுவிடலாம்.