பல்கலைக்கழக உயிரிப் பாதுகாப்புக் கொள்கையைத் திருத்த வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

நெல்வயல்:
வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் நுண்ணுயிரியல் துறையில் இருக்கிறேன். ஐபிஎஸ்சி எனும் எங்கள் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் செயலர் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. கூடவே பழைய கொள்கையைத் திருத்தி சிண்டிகேட்டில் வைக்கும் வேலையும். இப்போது இருப்பது டிபிடியின் (மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை) 2017 நெறிமுறைகளுக்கு முன்பு எழுதியது. பாதிக்கு மேல் கிருமிகளின் பெயர்ப்பட்டியல்தான். மரபணுத் திருத்தம் பற்றி ஒரு வரி கிடையாது. நல்ல நோக்கத்தில் செய்தாலும் தீங்குக்குத் திருப்பிவிடக்கூடிய ஆய்வுகளை யார் பார்ப்பது என்பதும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கொள்கையை இறக்கிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று குழுவிலேயே ஒருவர் சொல்கிறார். எனக்கு மனமில்லை. நீங்கள் எல்லாம் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

பனங்காடு:
சட்டத்திலிருந்து. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள்தான் இன்னமும் அடித்தளம். மரபணுத் திருத்தத்துக்கு 2022 மார்ச் அலுவலகக் குறிப்பாணையைப் பாருங்கள். எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 என்பவை பயிரின் மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் முறைகள்; அயல் டிஎன்ஏ (வேறு உயிரினத்தின் டிஎன்ஏ) இல்லாத அந்த வகைப் பயிர்களுக்கு 1989 விதிகளில் 7 முதல் 11 வரையிலானவற்றிலிருந்து விலக்கு. விலக்கு என்றதும் குழுவுக்கு வேலை குறைந்துவிடாது. அயல் டிஎன்ஏ இல்லை என்பதற்கான சான்றுகளைப் பார்க்க வேண்டியதே ஐபிஎஸ்சிதான். அப்புறம் ஸ்காமெட், அதாவது ஆயுதமாகவும் பயன்படக்கூடிய பொருள்களுக்கான இந்திய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல். அதன் இரண்டாம் பிரிவு நுண்ணுயிரிகளும் நச்சுகளும். அதில் உள்ள ஸ்ட்ரெயினை (கிருமியின் உள்வகையை) வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்ப டிஜிஎஃப்டி எனும் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். பல கைடுகளுக்கு இது தெரியாது, கொள்கையில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

கடல்தாண்டி:
அமெரிக்க ஆவணத்தை நகலெடுக்காதீர்கள். இங்கேயே அது நிலையாக இல்லை. தீங்குக்குத் திருப்பிவிடக்கூடிய ஆய்வுகள் பற்றிய அமெரிக்க அரசின் 2012 கொள்கை 15 கிருமிகளையும் நச்சுகளையும், ஏழு வகைப் பரிசோதனைகளையும் மட்டும் பார்த்தது. 2024 மே மாதம் அதை வெகுவாக விரித்தார்கள். 2025 மே 6 அன்று அது நடைமுறைக்கு வர இருந்தது. அதற்கு முந்தைய நாள், கொள்கையை மாற்றி எழுதச் சொல்லி அதிபரின் ஆணை வந்துவிட்டது. எடுப்பதாக இருந்தால் அந்த ஏழு வகை என்ற யோசனையை மட்டும் எடுங்கள்: இந்த வேலை கிருமியைப் பரவ வைக்குமா, மருந்துக்குக் கட்டுப்படாமல் ஆக்குமா, புது உயிரினத்தைத் தாக்க வைக்குமா என்ற மாதிரிக் கேள்விகள்.

வெள்ளைக்கோட்டு:
நெல்வயல் சார், நான் ஒரு ஐபிஎஸ்சியில் மருத்துவ உறுப்பினர். கடல்தாண்டி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கிருமி எது, வேலை எது என்பதோடு, அதைச் செய்கிற ஆள் யார் என்ற கேள்வியும் உங்கள் கொள்கையில் இருக்க வேண்டும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2009 செப்டம்பரில் ஒரு மூத்த ஆய்வாளர் பிளேக் நோயால் இறந்தார். அவர் கையாண்டது வீரியம் குறைத்த ஸ்ட்ரெயின். இரும்புச் சத்தை உறிஞ்சும் திறன் அதற்கு இல்லை, அதனால்தான் ஆபத்தில்லாதது என்று கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு வெளியே வைத்திருந்தார்கள். இறந்த பிறகுதான் தெரிந்தது, அவர் உடலில் பிறவியிலேயே இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் கோளாறு இருந்தது. கிருமிக்குக் கிடைக்காமல் போக வேண்டியது அவர் உடலிலேயே தாராளமாக இருந்திருக்கலாம் என்றுதான் பிறகு கருதினார்கள். காய்ச்சலோடு முதலில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். மூன்று நாளில் ஆள் இல்லை. பட்டியலின்படி பார்த்தால் அந்த ஆய்வகத்தில் ஒரு குறையும் இல்லை.

இதை நம் ஊர் ஓபியில் வைத்துப் பாருங்கள். ஒரு ரிசர்ச் ஸ்காலர் காய்ச்சல் என்று வருகிறாள். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் கேட்போம். ‘இன்குபேட்டரில் என்ன வளர்க்கிறாய்’ என்று எந்த டியூட்டி டாக்டரும் கேட்பதில்லை, அவளாகவும் சொல்வதில்லை. கால்நடைகளிடமிருந்து தொற்றும் புருசெல்லா பாக்டீரியாவாக இருந்தால் டைபாய்டுக்கு மருந்து சாப்பிட்டு வாரக்கணக்கில் இழுக்கும். அவள் ரத்தத்தை வளர்த்துப் பார்க்கிற லேப் டெக்னீஷியனுக்கும் ஆபத்து, அவர் பாவம் கிருமி வளர்த்த தகடைச் சாதாரண மேசையில் வைத்துத்தான் திறப்பார்.

அதனால் எங்கள் குழுவில் ஒரு அட்டை கொண்டுவந்தோம். அடையாள அட்டை அளவுதான். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது, இரவில் யாரைக் கூப்பிடுவது, தமிழிலும் ஆங்கிலத்திலும். இரண்டாவது வரியைச் சில கைடுகள் எதிர்த்தார்கள், மருந்து எதிர்ப்பு மரபணு சேர்த்த ஸ்ட்ரெயின் என்பது வெளியே தெரிந்துவிடுமாம். சிகிச்சை தருகிற டாக்டருக்கு வேண்டிய வரியே அதுதான் என்று நான் விடவில்லை.

நெல்வயல்:
மிக்க நன்றி மேடம். இன்னொன்று. கையில் ஊசி குத்தினால், கிருமி வளர்க்கும் குழாய் உடைந்தால் பிள்ளைகள் சொல்வதே இல்லை. கைடு கோபித்துக்கொள்வார், பிஹெச்டி தள்ளிப்போகும் என்ற பயம். விதி எழுதினால் மாறுமா?

வெள்ளைக்கோட்டு:
‘உடனே தெரிவிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் மாறாது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2006-ல் ஒரு ஆய்வாளருக்கு ஆய்வகத்திலேயே புருசெல்லா தொற்றியது. அரசுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, விஷயம் அடுத்த ஆண்டுதான் வெளியே வந்தது. அபாயக் கிருமி ஆராய்ச்சி முழுவதையும் நிறுத்திவைத்தார்கள், பிறகு 10 லட்சம் டாலர் அபராதம். அத்தனை பெரிய இடத்திலேயே மேலே உள்ளவர்கள் சொல்லவில்லை என்றால், ஃபெலோஷிப்பை நம்பி இருக்கிற பிள்ளை எப்படிச் சொல்லும்?

இரண்டு வரி சேருங்கள் சார். ஒன்று, விபத்தைக் கைடு வழியாக இல்லாமல் நேராக உயிரிப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். இரண்டு, விபத்தைச் சொன்னதற்காக யாருடைய ஆய்வையும் நிறுத்தக் கூடாது, மறைத்தால் மட்டுமே நடவடிக்கை, அதுவும் முதலில் கைடு மீது. இரண்டாவது வரிக்கு சிண்டிகேட்டில் எதிர்ப்பு வரும். உங்கள் துணைவேந்தரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அட்டையின் மாதிரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.