பரணில் ஏறிய வீணை: டெல்லியில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சாரணி:
மயூர் விஹார், மூன்றாம் மாடியில் ஒரு மாமி வீடு. கல்யாணத்தோடு ரயிலேறி வந்த வீணை. கற்றுக்கொள்ள ஏன் வாய்க்கவில்லை என்று எழுத வேண்டியதில்லை, இங்கே பாதி வீட்டில் இதே கதைதான். உறையை அவிழ்த்தால் தண்டியில் (வீணையின் நீளக் கழுத்தில்) ஒரு மெட்டுகூட இல்லை, ஸ்வரத்துக்கு விரல் வைத்து அழுத்தும் அந்தக் குறுக்குக் கம்பிகள். அவற்றைப் பிடித்திருந்த மெழுகு பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடக்கிறது. மாமி உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். மெட்டு விழ விழப் பொறுக்கிப் போட்டு வைத்திருக்கிறார், இத்தனை வருஷமாக. கொட்டி எண்ணினால், 24 இருக்க வேண்டிய இடத்தில் 23. "ஒண்ணுதானே குறையறது, பேசுமா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. முழுக்க உதிர்ந்த வீணைக்கு மேளம் கட்டி, அதாவது மெழுகில் மெட்டுகளை மறுபடி பதித்து, பார்த்தவர்கள் உண்டா?

பிருடை:
ஒரு மெட்டு குறைவது பெரிய விஷயமில்லை, புதிதாகச் செய்துகொள்ளலாம். எமன் அந்தப் பரண்தான். தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்த மெழுகு அது. உருகுவதற்கு 62 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் 40 டிகிரியிலேயே குழையத் தொடங்கிவிடும். மே, ஜூனில் மொட்டைமாடிக்குக் கீழே மெட்டு சாயும். ஜனவரியில் அதே மெழுகு இறுகி விரிசல் விடும். பழைய மெழுகை உருக்கி ஊற்றாதீர்கள், தூசி ஏறியது பிடிக்காது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, தந்தியைச் சுருதிக்கு ஏற்றிய பிறகே மெட்டு வைக்க வேண்டும். பழைய தடத்தை நம்பி வைத்தால் ஸ்வரம் தப்பும். காதுதான் அளவுகோல். ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு, இரண்டு ஸ்தாயிக்கு ஆக 24.

கரோல்பாக்:
24 எதற்கு? மாமி கேட்டது "பேசுமா" என்று, கச்சேரிக்குத் தேதி இல்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை வாசிக்க வெறும் தந்தியும் 1, 4, 5, 7, 8, 11, 12-ஆம் மெட்டுகளும் போதும். பாட்டிலில் இருப்பதே தாராளம். நீங்கள் சொல்கிற மாதிரி முழு மேளத்துக்கு ஆள் தேடினால் இன்னொரு பத்து வருஷம் பரண்தான்.

பிருடை:
ஏழு மெட்டோடு கட்டினால், நாளைக்கு மோகன ராகம் கேட்பார். 2-உம் 9-உம் எங்கே? மறுபடி மெழுகைச் சூடாக்கும்போது பக்கத்து மெட்டும் அசையும். அரைகுறையாகக் கட்டியதைத் திருத்துவதுதான் இரட்டை வேலை.

மலைமந்திர்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மெட்டு சண்டைக்கு முன்னால் தந்தியைப் பாருங்கள். துருப்பிடித்ததை முறுக்கினால் முகத்தில் அடிக்கும். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நாலு வாசிப்புத் தந்தியையும் மாற்றிவிடுங்கள், ஆனால் ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரை (தந்திகளைத் தாங்கும் பாலம்) இடம் பெயரும், அது நிற்பதே தந்தி அழுத்தத்தில். தந்தி முறுக்கும் பிருடை வழுக்கினால் சாக்பீஸ் பொடி. சுருதியை வழக்கத்தைவிட அரைக்கட்டை இறக்கி வையுங்கள், வயதான விரலுக்கு அதுவே இதம். முதல் இரண்டு வாரம் ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம் போதும், இல்லாவிட்டால் இடது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீறிப்போய் மூன்றாம் நாளே வெறுப்பு வரும். பழந்துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பக்கத்தில் இருக்கட்டும். மூட்டுவலி என்றால் திவானில் உட்காரலாம், குடத்துக்கு அடியில் சுருட்டிய துண்டு, சுரைக்குடுக்கை இடது தொடையில். ரூம் ஹீட்டர் உள்ள அறை வேண்டவே வேண்டாம்.

மேளம் யார் கட்டுவது, எப்போது என்பதெல்லாம் அப்புறம். இந்த வாரமே நாலு தந்தியையும் பக்கத்துத் தாளத் தந்தி மூன்றையும் மாட்டிச் சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள், சாரணி. மெட்டே இல்லாமல் ஏழு தந்தியும் பேசும்.