பழைய ஸ்டில் 08 மெஷினோடு வந்த கியர் பெட்டி எதற்கு?

குடியாத்தத்துக்காரர்:
பள்ளிகொண்டா பக்கம் மூடிய மரவாடி ஒன்றின் சாமான்களை மாமா ஏலத்தில் எடுத்தார். அதில் வந்த ஸ்டில் 08 மரம் அறுக்கும் மெஷினை எனக்குக் கொடுத்துவிட்டார். கூடவே இரண்டு சாமான்கள். ஒன்று, இரு பக்கமும் நீண்ட கைப்பிடி வைத்த கனமான கியர் பெட்டி. அடியில் ஒரு தண்டு, அதில் குறுக்கே ஊசி செருக ஓட்டை. மற்றொன்று, செயின் ஓடும் நீண்ட தகடான பாரின் மேல் இறுக்கிக்கொள்ளும், ஏற்றி இறக்கக்கூடிய சட்டம். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். நிலத்தில் தென்னங்கன்று வைக்க வேண்டும், வேலியும் போட வேண்டும். இவை உதவுமா?

காட்பாடி மெக்கானிக்:
தம்பி, தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். கியர் பெட்டி மண்ணில் குழி துளைக்கும் இணைப்பு. அந்தக் காலத்தில் எஞ்சின்தான் விலை கூடிய பொருள். அதனால் ஒரே எஞ்சினில் மரம் அறுக்க, குழி போட, புதர் வெட்ட, கல் அறுக்க எனத் தனித்தனி இணைப்புகள் கொடுத்தார்கள். 08 அப்படிப் பல வேலைக்காகவே வந்த மெஷின். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், பாரைக் கழற்றிவிட்டு, கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் மாட்டி மரத்தை இழுத்தார்கள். லூயிஸ் என்ற கம்பெனியின் வின்ச் 4,000 பவுண்டு, அதாவது சுமார் 1,800 கிலோ இழுக்கும். வில்லாக வளைந்த பாரும் உண்டு; அது கிடைத்தால்கூட மாட்டாதீர்கள், ஆளைத் தூக்கியடிக்கும்.

எஞ்சின் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். குழி போடும் திருகுக்குச் சில நூறு சுற்றே போதும். இந்தப் பெட்டி வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டுகிறது. திருகு வேரிலோ கல்லிலோ சிக்கினால் அந்த விசை முழுவதும் கைப்பிடிக்குத் திரும்பும். ஒற்றை ஆளாகப் பிடிக்கவே வேண்டாம். சிக்கியதும் ஆக்ஸிலேட்டரை விட்டால் கிளட்ச் விடுபட்டுவிடும். பிறகு எஞ்சினை அணைத்து, திருகைக் கையால் பின்பக்கம் சுற்றி எடுங்கள்.

தென்னைக்கு இது உதவாது. அதற்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி உள்ள குழி வேண்டும், கடப்பாரை, மண்வெட்டிதான். வேலிக் கம்பத்துக்கு மிகவும் நல்லது. பாலாற்றை ஒட்டிய வண்டல் மண்ணில் வெண்ணெயாக இறங்கும். உங்கள் நிலம் மலையடிவாரத்துச் சரளை என்றால், முதலில் ஓர் ஓரத்தில் துளைத்துப் பாருங்கள்.

மரவாடி, ஆம்பூர்:
அந்தச் சட்டம் படுத்த மரத்தைப் பலகையாக அறுப்பதற்கு. முதல் அறுப்புக்கு மரத்தின் மேல் நேரான ஏணியோ பலகையோ வைத்து அதன் மேல் ஓட்டுவார்கள். பிறகு அறுத்த தளமே வழிகாட்டும். சாதாரண செயின் நீளவாட்டில் அறுக்கும்போது திணறும். பல்லின் மேல் கோணத்தை 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் குறைத்துத் தீட்ட வேண்டும். 08-இல் 56 சிசி எஞ்சின். சின்ன வேப்பங்கட்டைக்குச் சரி, பெரிய புளிய மரத்துக்கு ஸ்டில் 070 மாதிரி 106 சிசி மெஷின் வேண்டும். தேக்கை மட்டும் இதில் அறுக்காதீர்கள். ஒவ்வோர் அறுப்பிலும் முக்கால் சென்டிமீட்டர் தூளாகிப் போகும், மரவாடியில் பட்டையாக ஓடும் பேண்ட் ரம்பத்தில் அதில் பாதிகூடப் போகாது. மனசு ஆறாது.

காட்பாடி மெக்கானிக்:
முக்கியமானது ஒன்று. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. பழைய கார்புரேட்டரின் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு, ரப்பர் குழாய் அதில் கெட்டுவிடும். புதிதாக மாற்றிவிட்டே ஓட்டுங்கள், வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். கியர் பெட்டியைத் திறந்து பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.

குடியாத்தத்துக்காரர்:
மிக்க நன்றி, ஐயா. திறந்துவிட்டேன், பற்கள் முழுதாக இருக்கின்றன. திருகு மட்டும் இல்லை. தண்டு 20 மி.மீ. இருக்கிறது.

காட்பாடி மெக்கானிக்:
கடையில் விற்கும் திருகின் துளை அதே அளவா என்று தண்டைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். சேரவில்லை என்றால் லேத்தில் இடைக்குழல் ஒன்று கடைந்துகொள்ளலாம். கல்தூண் நடுவதானால் 8 அங்குலத் திருகு எடுங்கள்.