கோவிட் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார்கள், எனக்குப் பயம் மட்டும் போகவில்லை. இது தவறா?

மழைக்காலம்:

திங்கட்கிழமையிலிருந்து மாஸ்க் கட்டாயமில்லை, இடைவெளி விட்டு உட்கார வேண்டியதில்லை, இனி எல்லாரும் ஆபீசுக்கு நேரில்தான் வர வேண்டும் என்று, அரசாங்கம் தளர்த்தியதும் ஆபீசில் ஒரே மெயிலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்கள். 2020 மார்ச்சிலிருந்து இரண்டு வருஷமாக இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தோம், அது எனக்கும் தெரியும். ஆனால் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

அம்மாவுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். காலை எட்டுக்கு ஒரு தடவை, இரவு எட்டுக்கு ஒரு தடவை. போனில் அலாரம் அடித்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போவார். தடுப்பூசி மூன்று டோஸ் ஆயிற்று, ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசி மற்றவர்களுக்குப் போல வேலை செய்யும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங். சின்ன அறை, பதினோரு பேர், ஏசி ஓடுவதால் ஜன்னலைத் திறப்பதில்லை. நான் மட்டும்தான் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் "இன்னுமா இதைப் போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார், கிண்டல் எல்லாம் இல்லை. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குக் கூச்சமாகிவிட்டது, கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மீட்டிங் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அடுத்த ஐந்து நாளும் என் அறையிலேயே தனியாகச் சாப்பிட்டேன். அம்மா கதவுக்கு வெளியே நின்று, "எனக்காக நீ எத்தனை நாள்தான் இப்படி அடைந்து கிடப்பாய்" என்று கேட்டபோது பதில் சொல்ல வரவில்லை.

அரசாங்கமே பரவாயில்லை என்று சொன்ன பிறகும் பயப்படுவது என் மனசில் இருக்கும் கோளாறா? இதே நிலைமையில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

—

இரவுப்பணி:

கோளாறு எல்லாம் இல்லை. நான் ஐசியூ நர்ஸ், இரண்டு வருஷமாகக் கோவிட் வார்டில் இருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கட்டாயமில்லை என்றால் அதற்கு அர்த்தம், போடாவிட்டால் அபராதம் இல்லை என்பது மட்டும்தான். ஊரில் இருக்கிற எல்லாரையும் சேர்த்து, ஆஸ்பத்திரி தாங்குமா தாங்காதா என்று பார்த்து எடுக்கிற முடிவு அது. உங்கள் அம்மாவை எதிரில் உட்கார வைத்து யாரும் முடிவெடுக்கவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு. மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிப் 2021இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், இரண்டு டோஸ் போட்ட பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடியே ரத்தத்தில் தென்படவில்லை. உங்கள் டாக்டர் சொன்னது சும்மா பயமுறுத்த இல்லை. உங்கள் அம்மாவுக்கு அடுத்த டோஸ் எப்போது என்று அவரிடமே கேட்டு வையுங்கள், இந்த நோயாளிகளுக்கான அட்டவணை பல இடங்களில் தனி.

இன்னொன்று. தளர்த்திய மறுநாளே "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், உடனே பீதி அடையவும் வேண்டாம். இன்றைக்கு என் வார்டில் படுத்திருப்பவர் இன்றைக்குத் தொற்றிக்கொண்டவர் இல்லை. முதலில் இருமல், காய்ச்சல், வீட்டிலேயே சமாளிப்பது, அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் கழித்து மூச்சு வாங்கும்போதுதான் எங்களிடம் வருகிறார். தளர்வின் விளைவு கட்டிலில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்கும் பிறகுதான் இறப்புக் கணக்கில் தெரியும். அதுவரை பொறுத்துப் பார்க்கிறேன் என்பது நியாயமான நிலைப்பாடு.

மாஸ்க்கைக் கழற்றிவிட்டீர்கள் என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை "வீட்டில் உடம்பு முடியாதவர் இருக்கிறார்" என்று ஒரு வரி சொல்லுங்கள், போதும். சொன்ன பிறகு மறுபடி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. துணி மாஸ்க் வேண்டாம், நுண்துகள்களை வடிகட்டும் என்95 மாஸ்க் போடுங்கள். எதிரில் இருப்பவர் போடாவிட்டாலும் அது உங்களைக் காப்பாற்றும், ஆனால் முகத்தில் ஒட்டி இருந்தால்தான். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவராக இருந்தால் உடனே தெரிந்துவிடும், ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்.

—

கரும்பலகை:

நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியர். மேலே நர்ஸ் அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் தளர்வு என்றாலே ஏதோ குற்றம் மாதிரி பேச்சுப் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என் வகுப்புக்கு வந்திருக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதுதான் பள்ளிக்கூடத்துக்கு முதல் வருஷம். ஏழு வயதாகிறது, பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் இன்னொரு குழந்தை உட்கார்ந்தால் என்ன செய்வது என்றே தெரியாமல் சுவரோரம் நகர்ந்து போகிற ஒரு பையன் இருக்கிறான். ல, ள, ழ மூன்றையும் நாக்கை எங்கே வைத்துச் சொல்வது என்று மாஸ்க் போட்டுக்கொண்டு எப்படிக் காட்டுவேன்? ஒலியை வைத்து மட்டும் பிடித்துக்கொள் என்றால், என் குரல் துணிக்குள் மாட்டிக்கொண்டு மூன்றும் அவர்களுக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது. போன வாரம்தான் முதன்முறையாக மாஸ்க்கைக் கழற்றி, வாயைத் திறந்து "பழம்" என்று சொல்லிக் காட்டினேன். முன் வரிசையில் ஒரு குழந்தை எழுந்து வந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மழைக்காலம், உங்கள் அம்மாவுக்காக என் வகுப்பை மூடு என்று நீங்கள் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மூடி வைத்ததற்கும் விலை உண்டு, அந்த விலையைப் பேசத் தெரியாதவர்கள் கொடுத்தார்கள்.

—

ஒலிபெருக்கி:

மேடைக்கு ஒலி, ஒளி அமைப்பது என் தொழில். கூட்டம் கூடாதே என்றால் எனக்கு வேலையே கிடையாது. இருபது மாதம் சும்மா இருந்தேன், மிக்சரையும் ஸ்பீக்கர்களையும் ஒவ்வொன்றாக விற்றேன். திரும்ப மூடச் சொல்லாதீர்கள், அதைத் தவிர என்ன சொன்னாலும் செய்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர் மாஸ்க் போடுங்கள் என்று கேட்டால் நான் போட்டுக்கொள்வேன், ஏன் என்று கேட்க மாட்டேன். அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

—

பழைய கணக்கு:

உங்கள் பயம் புதிதே இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். 1918இல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூ காய்ச்சலின்போது அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் மாஸ்க் கட்டாயம். நவம்பர் 21 நண்பகலில் சங்கு ஊதியதும் ஊரே ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றி நடைபாதையில் வீசியது. டிசம்பரில் காய்ச்சல் மறுபடி ஏறியது. 1919 ஜனவரி 17 அன்று மாஸ்க் திரும்பக் கட்டாயமானது. இந்தத் தடவை மக்கள் சும்மா விடவில்லை, எதிர்ப்புச் சங்கமே ஆரம்பித்தார்கள், ஆயிரக்கணக்கில் கூடினார்கள், பிப்ரவரி ஒன்றாம் தேதி மறுபடி எடுத்தார்கள். என் கண்ணுக்கு இதில் முக்கியமானது அந்த இரண்டாவது உத்தரவு. எல்லாம் முடிந்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், இல்லை, முடியவில்லை என்று சொல்லும்போது கேட்க ஆள் இருக்காது.

2021லும் இதேதான் நடந்தது. இஸ்ரேலில் ஜூன் 15 அன்று அறைக்குள் மாஸ்க் வேண்டாம் என்றார்கள், டெல்டா வகை வைரஸ் பரவியதும் பத்தே நாளில், ஜூன் 25 அன்று, திரும்பக் கட்டாயமாக்கினார்கள். நெதர்லாந்தில் ஜூன் 26 அன்று இரவு விடுதிகளைத் திறந்தார்கள். அப்போது ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குக்கூடத் தொற்று இல்லை, ஜூலை 10 அன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது, விடுதிகளை மறுபடி மூடினார்கள். அப்போதைய பிரதமர் ருட்டே இரண்டு நாள் கழித்து, கணிப்பில் தவறிவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டார். அப்படி ஒருவர் வெளிப்படையாகச் சொன்னதை நான் மதிக்கிறேன், நிறையப் பேர் அதைக்கூடச் சொல்லவில்லை.

ஆனால் திறந்தால் அழிவு என்றும் சொல்ல முடியாது. டென்மார்க் 2022 பிப்ரவரி ஒன்றாம் தேதி கிட்டத்தட்ட எல்லாக் கட்டுப்பாட்டையும் எடுத்தது, தொற்று உச்சத்தில் இருந்தபோதே எடுத்தது. மக்களில் பத்தில் எட்டுப் பேர் இரண்டு டோஸ் போட்டவர்கள், வயதானவர்கள் பெரும்பாலும் மூன்று. ஐசியூ பழைய அலைகளில் நிரம்பியது போல நிரம்பவில்லை. அதே சமயம் ஹாங்காங்கைப் பாருங்கள். இரண்டு வருஷம் கடுமையான கட்டுப்பாடு, ஆனால் எண்பது வயதைத் தாண்டியவர்களில் நிறையப் பேர் ஊசி போடாமலே இருந்தார்கள். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒமிக்ரான் வகை வைரஸ் புகுந்தபோது அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். அதனால் திறந்தார்களா மூடினார்களா என்பதைவிட, திறக்கும் முன்னால் யாருக்கு ஊசி போய்ச் சேர்ந்தது, யாருக்குப் போகவில்லை என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். ஊசி போட்டும் பலன் குறைவான உங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு என்ன ஏற்பாடு என்று அந்த மெயிலில் ஒரு வரி இருந்ததா? இல்லையென்றால் நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

—

குளிர்பெட்டி:

ஏசி வேலை பார்க்கிறவன். எல்லாரும் மாஸ்க்கையே பேசுகிறீர்கள், அந்த அறையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கிற அதே காற்றை உறிஞ்சி, குளிர வைத்து, திரும்ப விடுகிறது, அவ்வளவுதான். பதினோரு பேர் விட்ட மூச்சைப் பதினோரு பேரும் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வைரஸ் மூச்சோடு வெளியே வந்து சிகரெட் புகை மாதிரி அறை முழுக்கப் பரவி நிற்கும், ஆறடி தள்ளி உட்கார்ந்தாலும் வந்து சேரும். நான் சர்வீஸுக்குப் போகிற ஆபீஸ்களில் ஜன்னல் கைப்பிடி பெயின்ட்டோடு ஒட்டிப் போயிருக்கும், வருஷக்கணக்கில் திறந்ததே இல்லை என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி மேஜை மேல் வையுங்கள். திறந்த வெளியில், பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 400 பங்குக்குக் கொஞ்சம் மேலே காட்டும். அறைக்குள் 1000 தாண்டினால் புதுக்காற்று போதவில்லை. அது வைரஸை அளக்காது, அடுத்தவர் மூச்சை எவ்வளவு இழுக்கிறோம் என்று காட்டும். ஜன்னலை நான்கு விரல்கடை திறந்து, எதிர்ப்பக்கக் கதவையும் திறந்தால் எண் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரண்ட் பில் கூடும், கூடட்டும். ஜன்னலே இல்லாத அறை என்றால் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் உதவும், ஆனால் அது வைரஸைத்தான் பிடிக்கும், மீட்டரில் எண் குறையாது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

—

மழைக்காலம்:

எல்லாருக்கும் நன்றி. கரும்பலகை, உங்கள் வகுப்பு திறந்தே இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. என் பயத்தைச் சொல்லும்போது அந்தப் பையன் என் ஞாபகத்தில் இல்லாமல் போனது எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

மீட்டர் வாங்கினேன். இன்றைக்கு மீட்டிங்குக்கு முன்னாலேயே "அம்மாவுக்கு உடம்பு முடியாது, நான் மாஸ்க் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அன்று கேட்டவரே "அடடா, முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார், அவருடைய பையில் ஒரு மாஸ்க் இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டார். மீட்டரை மேஜை நடுவில் வைத்தேன். ஆரம்பத்தில் 700 சொச்சம், இருபத்தைந்து நிமிஷத்தில் 1600. எல்லாருக்கும் பேச்சு நின்று கண் அதன் மேலேயே இருந்தது. மேனேஜர் எழுந்து போய் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார், குளிர்பெட்டி சொன்ன மாதிரியே பெயின்ட்டில் ஒட்டியிருந்தது, இரண்டு பேர் சேர்ந்து தள்ளித்தான் திறந்தது. திறந்து கொஞ்ச நேரத்தில் 900க்கு வந்துவிட்டது.

உடம்பு முடியாதவர்களோடு இருக்கிறவர்கள் வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று ஹெச்ஆருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, வந்ததும் இங்கே போடுகிறேன். வீட்டுக்குள் இன்னும் மாஸ்க்கோடுதான் இருக்கிறேன், ஆனால் சாப்பாடு இனி அறையில் இல்லை. அம்மா ஹாலில், நான் பால்கனியில், நடுவில் கதவு திறந்து கிடக்கிறது. இதை எழுதும்போதே எட்டு மணி அலாரம் அடிக்கிறது, தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.