பழைய கணினி, புதிய வருடம்: திகதியில் நடக்கும் குறுக்குவழிகள், உங்கள் அனுபவம் என்ன?

ஹட்டன் உறுப்பினர்:

தோட்ட ஆபிஸ்களில் ஓடும் பழைய சம்பளப் புரோகிராம்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். திகதிப் பிரச்சினை வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "கம்பியூட்டர் திகதியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஓடாதா?" என்றுதான். ஓடும். அதனால்தான் எனக்குப் பயம்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் செக்ரோல் (வேலை நாள், சம்பளப் பதிவு) புரோகிராமின் வருடப் பட்டியல் 2023உடன் முடிந்துவிட்டது. யாரோ சொன்ன யோசனையில் 28 வருடம் பின்னுக்குப் போனார்கள். 2024க்குப் பதில் 1996. இரண்டும் 366 நாள், இரண்டும் திங்கட்கிழமை தொடங்கிய வருடங்கள், கிழமைகள் அப்படியே பொருந்தும். ஆனால் பௌர்ணமி பொருந்தாதே! 2024இல் துருத்து போயா, அதாவது ஜனவரி மாதப் பௌர்ணமி விடுமுறை, ஜனவரி 25. 1996இல் அந்த மாதப் பௌர்ணமி முதல் வாரத்திலேயே வந்து போய்விட்டது. போயாவில் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் சேர வேண்டும். புரோகிராமுக்கோ ஜனவரி 25 வெறும் வியாழக்கிழமை. சம்பளத் துண்டைப் பார்த்து ஒரு அக்கா கேள்வி கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் வருடம் முழுக்க அப்படியே போயிருக்கும்.

இன்னொன்று, வருடத்தை இரண்டு இலக்கத்தில் அடிப்பது. 2000ஆம் ஆண்டுக்கு முன்பு கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மொழிகளில் எழுதிய பல புரோகிராம்களில் ஒரு எல்லை வைத்துச் சமாளித்தார்கள். 50 முதல் 99 வரை 1900கள், 00 முதல் 49 வரை 2000கள் என்று. கிளிப்பரில் 'செட் எப்போக்' என்ற ஒரே வரி போதும். அப்படி வைத்தால் 1949இல் பிறந்தவர் 2049இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார். பழைய அடையாள அட்டை இலக்கமும் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தில்தான் தொடங்கும், கிளாக்கர் அதைப் பார்த்து அப்படியே அடிப்பார். நான் போன ஒரு ஆபிஸில் வயது மைனஸில் வருகிறதென்று ஒரு அம்மாவுக்கு 49க்குப் பதிலாக 51 என்று போட்டுவைத்திருந்தார்கள். திரை சரியாகிவிட்டது. சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது அட்டையும் பதிவும் ஒத்துப்போகவில்லை, கடிதத்துக்கு மேல் கடிதம். உழைத்துச் சேர்த்த காசுக்கு அந்த வயதில் பஸ் ஏறி அலைய வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த திகதியிலும் இப்படிக் கைவைத்தால் பணிக்கொடை குறையும். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் அது.

இத்தனைக்கும் இந்தப் புரோகிராம்கள் தரவை வைக்கும் டிபிஎஃப் கோப்பில் திகதிக்கென்று போட்ட புலம் வருடத்தை நான்கு இலக்கத்திலேயே சேமிக்கிறது. வருடத்தை முழுதாகக் காட்டும் 'செட் செஞ்சுரி ஆன்' கட்டளையைப் போட்டு, திரையில் பெட்டியை அகலமாக்கினால் பல இடங்களில் வேலை முடிந்தது. திகதியை ஆறு எழுத்தாக, வெறும் எழுத்துப் புலத்தில் வைத்தவர்களுக்குத்தான் பெரிய வேலை. முதலில் கோப்பைத் திறந்து அதைப் பாருங்கள்.

பண்டாரவளை உறுப்பினர்:

எங்கள் பக்கம் எக்செல் கதை. கடன் முடியும் திகதியை 1/5/30 என்று அடித்தால், பழைய விண்டோஸின் வழக்கமான அமைப்பில் அது 1930 ஆகிவிடும். 29 வரைதான் 2000கள். ஒரு கடன் கொடுக்கும் இடத்தில் இதற்கு 36525 நாள் கூட்டும் சூத்திரம் போட்டிருந்தார்கள். கணக்கு சரிதான், சரியாக நூறு வருடம். புதிதாக வந்த பிள்ளை ஒழுங்காக 2030 என்று முழுதாக அடித்தது, கடன் 2130இல் முடிவதாக ஆகிவிட்டது. சரியாகச் செய்த பிள்ளைக்குத்தான் ஏச்சு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நுவரெலியா உறுப்பினர்:

கடைகளில் கம்பியூட்டருக்குள் நேரத்தைக் காத்துவைக்கும் அந்தச் சின்ன வட்டப் பேட்டரி செத்துவிடும். கரண்ட் போய் வந்தால் மெஷின் ஏதோ ஒரு பழைய வருடத்தில் எழும்பும். பேட்டரி மாற்றாமல் தினமும் திகதியைக் கையால் வைப்பார்கள், மறந்த நாளில் பில் எல்லாம் பழைய வருடத்தில். அப்புறம் வங்கித் தளம் திறக்காது, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லும். அதைவிட மோசம் பேக்கப். புதிய கோப்பை மட்டும் பிரதி எடுக்கும் புரோகிராம், அன்றைய விற்பனைக் கோப்பைப் பழையது என்று விட்டுவிடும்.

2038 பற்றியும் சொல்லுங்கள் அண்ணன். சில இடங்களில் இப்போதே ஏதோ செய்கிறார்களாமே?

ஹட்டன் உறுப்பினர்:

ஆமாம் தம்பி. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் புரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07 வரைதான் இடம். மைனஸ் எண்களுக்கான பாதியையும் எடுத்துக்கொண்டால் 2106 வரை ஓடும் என்று ஒரு குறுக்குவழி சுற்றுகிறது. மைனஸ் பக்கம்தான் 1970க்கு முந்திய திகதிகள் இருக்கின்றன. அதற்கு முன் பிறந்தவர்களின் பிறந்த திகதி எல்லாம் 2038க்குப் பிந்திய திகதியாகத் தெரியும். யாராவது இதைச் செய்து தருகிறேன் என்று வந்தால், தரவின் பிரதி ஒன்றில் 1969இல் பிறந்த ஒருவரின் பதிவைப் போட்டு, வயது என்ன வருகிறது என்று அவர் முன்னாலேயே பாருங்கள்.