மோட்டோஜிபியில் பெட்ரோல் அளவுக் கட்டுப்பாடு தேவைதானா?

தடம்நோக்கி எழுதியது:

உலகின் முதன்மை மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரான மோட்டோஜிபியின் பந்தயங்களைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்துவரும் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. ஒரு பந்தயத்துக்கு அனுமதிக்கப்படும் பெட்ரோலின் அளவு 2004-இல் 24 லிட்டராக இருந்தது. 2005-இல் 22 ஆனது. 800 சிசி என்ஜின்கள் வந்த 2007-இல் 21 ஆனது. 2014-இல் ஃபேக்டரி பிரிவு (என்ஜினை இயக்கும் மென்பொருளைத் தாமே எழுதிக்கொண்ட நிறுவனங்களின் பிரிவு) வண்டிகளுக்கு 20 ஆகச் சுருங்கியது. 2016-இல் எல்லோருக்கும் 22 என்று தளர்த்தினார்கள். 2027-இல் 850 சிசி என்ஜின்களோடு மறுபடியும் 20 லிட்டருக்கே திரும்புகிறார்கள்.

உலகின் மிக வேகமான வீரர்கள் மோதும் இடத்தில், கடைசிச் சில சுற்றுகளில் வீரர் கைப்பிடியை முழுவதும் திருகியும் கணினி கணக்குப் பார்த்துப் பெட்ரோலைக் கிள்ளிக் கொடுக்கிறது என்றால், அங்கே நடப்பது பந்தயமா, சிக்கனப் போட்டியா? சுற்றுச்சூழல்தான் காரணம் என்றால், 2027 முதல் எரிபொருள் முழுவதும் புதைபடிவம் சாராததாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பிறகு அளவையும் ஏன் குறைக்க வேண்டும்? 2014-இல் 24 லிட்டர் அனுமதிக்கப்பட்டிருந்த ஓப்பன் பிரிவு (பொதுவான மென்பொருளைப் பயன்படுத்திய அணிகளின் பிரிவு) யமஹாவில் அலேஷ் எஸ்பார்காரோ நெதர்லாந்தின் அசென் பந்தயத்தில் முதலிடத்திலிருந்து புறப்பட்டதையும் நினைவூட்டுகிறேன். பெட்ரோல் தாராளமாக இருந்தால் சிறிய அணிகளும் மேலே வரலாம் என்பதற்கு அது சான்றல்லவா?

கணக்கர் எழுதியது:

அந்தச் சான்று நிற்காது, நண்பரே. புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் யாரும் டேங்கை நிரப்பிக்கொண்டு ஓட்டுவதில்லை. ஓரிரு சுற்றுகளுக்கு வேண்டியதை மட்டுமே ஊற்றுவார்கள். ஓப்பன் பிரிவுக்கு அந்த ஆண்டு மென்மையான பின்சக்கர டயரும் கிடைத்தது என்பதை மறந்துவிட்டீர்கள். அதே ஆண்டில் 20 லிட்டர் ஹோண்டாவை வைத்துக்கொண்டுதான் மார்க் மார்க்கேஸ் முதல் பத்துப் பந்தயங்களையும் வரிசையாக வென்றார்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. ஆஸ்திரியாவின் ரெட்புல் ரிங் தடத்தில் 28 சுற்றுகள் ஓடினால் ஏறத்தாழ 121 கிலோமீட்டர். 22 லிட்டரில் அதை முடிக்க வேண்டும் என்றால் லிட்டருக்கு ஐந்தரைக் கிலோமீட்டர். இதைச் சிக்கனப் போட்டி என்று அழைப்பது சற்றே மிகை.

பழைய ஸ்பேனர் எழுதியது:

கணக்கர் சொல்வது சரி, ஆனால் தடம்நோக்கியின் மனக்குறையில் உண்மை இருக்கிறது. உள்ளூர் அளவிலான கிளப் பந்தயங்களில் சில ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தவன் நான். பந்தயம் முடிந்ததும் டேங்கைக் கழற்றி, மிச்சமிருக்கும் பெட்ரோலை அளவுக்குடுவையில் ஊற்றிப் பார்த்து எழுதிவைப்பது என் வேலை. ஒருமுறை, வண்டி இலேசாக இருக்கட்டுமே என்ற பேராசையில் அரை லிட்டர் குறைத்து ஊற்றினேன். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு முறை பலமாக பிரேக் பிடிக்கும்போதும் டேங்கில் இருந்த கொஞ்சப் பெட்ரோல் முன்பக்கம் ஓடிவிட, பம்ப் காற்றை உறிஞ்சி, வளைவிலிருந்து வெளியே வரும்போது என்ஜின் விக்கியது. டேங்க் காலியாகவில்லை, குடுவையில் கால் லிட்டர் இருந்தது. ஆகவே விதி 22 லிட்டர் என்றால், வீரர் நம்பி ஓட்டக்கூடியது அதைவிடக் குறைவுதான்.

மோட்டோஜிபி அணிகளின் நிலை இதைவிட நுட்பமானது. புறப்படுவதற்கு முன் ஓடும் சுற்றுக்கான பெட்ரோலையும் அவர்கள் கணக்கில் வைக்க வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, வீரர் கைப்பிடியை விட்டபிறகும் கணினி த்ராட்டிலை (என்ஜினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் அடைப்பை) சற்றே திறந்து வைத்திருக்கும். அதற்கும் பெட்ரோல் செலவாகும். அளவு இறுகும்போது முதலில் கைவைக்கப்படுவது இத்தகைய இடங்களில்தான். கலவையை லீன் ஆக்கினால், அதாவது காற்றுக்குப் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்தால், த்ராட்டிலை இலேசாகத் தொடும் அந்த முதல் நொடியில் என்ஜின் வழுக்கலாக எழாமல் வெட்டி எழும். 2014-இல் 20 லிட்டர் யமஹா வீரர்கள் பட்ட பாடு இதுதான். நேர்ச்சாலையில் வேகம் குறைவதை விட, சாய்ந்த நிலையில் டயர் பிடிமானத்தின் விளிம்பில் இருக்கும்போது வண்டி சொன்னபடி கேட்காததே வீரருக்குப் பெரிய துன்பம்.

பெட்ரோலைக் குளிரூட்டும் வித்தையையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த பெட்ரோல் சுருங்கும், ஆகவே அதே டேங்கில் கூடுதல் எடை கொள்ளும். சுற்றுப்புற வெப்பநிலையைவிட 15 டிகிரிக்கு மேல் குளிரக்கூடாது என்று விதி இருக்கிறது. டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று கொண்டால், 22 லிட்டரில் கிடைக்கும் ஆதாயம் மூன்றில் ஒரு பங்கு லிட்டர்கூட இல்லை, கணக்கரின் ஐந்தரைக் கிலோமீட்டர்படி அரைச் சுற்றுக்கும் குறைவு. அதற்காகவும் மெனக்கெடுகிறார்கள் என்றால் கட்டுப்பாடு எந்த அளவுக்கு இறுகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைகோடு எழுதியது:

கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் வேறு எதைக் கொண்டு வேகத்தை அடக்குவது என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. 2023-இல் இத்தாலியின் முஜெல்லோ தடத்தில் கேடிஎம் வீரர் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கிலோமீட்டர் தொட்டார். ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கும் சரளைப் பரப்பையும் தடுப்புச் சுவரையும் ஆண்டுதோறும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போக முடியாது. 2027-இல் அளவு குறைவதற்கு எனக்குத் தெரியும் காரணம் சுற்றுச்சூழல் அல்ல, இதுதான். என்ஜின் கொள்ளளவு, சிலிண்டர் விட்டம், பெட்ரோல் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்து இறுக்கினால்தான் ஒன்றில் இழந்ததை இன்னொன்றில் மீட்டுக்கொள்ள முடியாது.

ஸ்பேனர் ஐயா சொன்ன துன்பம் மெய்தான். ஆனால் அதற்குக் காரணம் பெட்ரோல் குறைவு மட்டும் அல்ல, அதைச் சமாளிக்கும் மென்பொருளை ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொள்ள விட்டதும்தான். பணமும் பொறியாளர்களும் நிறைந்த நிறுவனத்துக்கு 20 லிட்டர் போதுமானதாக இருந்தது, மற்றவர்களுக்குப் போதவில்லை. 2016-இல் 22 லிட்டரோடு பொதுவான மென்பொருளும் எல்லோருக்கும் வந்தபிறகு இந்தப் புகார் பெருமளவு அடங்கியதைக் கவனியுங்கள். வரும் 20 லிட்டரைச் சிறிய என்ஜினோடும் அதே பொதுவான மென்பொருளோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014-இன் 20 லிட்டரோடு ஒப்பிடுவது பொருந்தாது.

தடம்நோக்கி எழுதியது:

அசென் விஷயத்தில் என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். வேகத்தை அடக்க வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். அப்படியென்றால் பந்தயம் முழுமைக்கும் இவ்வளவு என்று வரையறுப்பதைவிட, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் பாயலாம் என்று ஓட்டத்தை வரையறுக்கலாமே? கடையில் விற்கும் வண்டிகளை அடிப்படையாகக் கொண்ட உலக சூப்பர்பைக் தொடரில் 2025 முதல் மணிக்கு 47 கிலோ பெட்ரோல் என்ற அளவில் தொடங்கியிருக்கிறார்கள். உச்சத் திறன் அடங்கும். அதே சமயம் கடைசிச் சுற்றில் வீரர் கைப்பிடியைத் திருகினால் முதல் சுற்றில் கிடைத்தது அப்படியே கிடைக்கும். நான் கேட்பது அவ்வளவுதான்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

யோசனை நல்லது, வீரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நானும் அதையே விரும்புவேன். ஒரே ஒரு தயக்கம். ஃபார்முலா ஒன்னில் 2014-இல் ஓட்ட அளவைக் கொண்டுவந்தபோது, முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவிலேயே இரண்டாவதாக வந்த டேனியல் ரிக்கியார்டோ அளவை மீறியதாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். சென்சார் காட்டிய அளவை நம்ப முடியாது என்று அணி வாதாடியது. மேல்முறையீடு வரை போயும் தீர்ப்பு மாறவில்லை. டேங்க் அளவு என்றால் சண்டைக்கு இடமில்லை, ஒரு அளவுக்குடுவை போதும்.

கணக்கர் எழுதியது:

அந்தக் குடுவையையும் வெயிலில் வைத்து அளக்கிறீர்களா, நிழலில் வைத்தா என்று கேட்க ஒருவர் வருவார், ஐயா.